முள்ளுப் பக்கம் போன பந்து

— அந்த ஃப்ளெக்ஸ மொதல்ல எறக்கச் சொல்லு வெற்றி. மத்தத அப்புறம் பேசலாம்.

— நான் இன்னாடா பண்றது வளவா? ஆதிமூலம் அண்ணன் தன் டீக்கடைக்கு மேல சொந்தமா செலவு பண்ணிக் கட்டியிருக்காரு. பஸ்ஸ வுட்டு எறங்குனதும் கண்ணுல படுறது நாம ரெண்டு பேருந்தான். கட்டிப் புடிச்சிக்கினு சிரிக்கிறோம். கீழ, ‘எதிரெதிரே நின்றாலும் எங்கள் செஞ்சியின் பிள்ளைகள்’னு எழுத்து. பொய் சொல்லக் கூடாது மச்சி, பாத்தப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சி.

— அது உம் பொண்ணு காதுகுத்துல எடுத்த போட்டோ. ஃபைனலுக்கு முந்துன வாரம். அதைத்தான் விசாரணைக் கமிட்டிக்காரங்க டிவியில பெருசா போட்டுப் பாத்துக்கினு இருக்காங்களாம்.

— காதுகுத்துல கட்டிப் புடிக்காம வேற எங்கடா கட்டிப் புடிப்பாங்க? எழவு வூட்டுலயா?

— அத எங்கிட்ட சொல்லாத. அங்க வந்து சொல்லு.

— அண்ணா, மொதல்ல உக்காருங்க. வந்ததுல இருந்து நின்னுக்கினே பேசுறீங்க. ஏங்க, அவர உக்காரத்தான் வுடுங்களேன்.

— பரவால்ல ஜெயஸ்ரீ. இந்தாம்மா, மல்லாட்ட. நம்ம கொல்லையில புடுங்குனது. அமலா உப்புப் போட்டு வேவிச்சிக் குடுத்தா.

— அக்கா நல்லாருக்காங்களா? அவருக்கு நீங்களே உரிச்சிக் குடுங்க அண்ணா. எடது கைய கழுத்தோட சேத்துக் கட்டி வச்சதுல இருந்து அவருக்கு ஒரு மல்லாட்டத் தோல ஒடைச்சிக் கடலைய எடுக்க முடியல. நான் உரிச்சிக் குடுத்தா மட்டும் ரோசம் வந்துடுது.

— எனக்கு இன்னா ரோசம்? நீ உரிச்சா பாதி உன் வாய்க்குப் போயிடுது. வெற்றி, கேளு. திங்கக்கிழமை காலையில சென்னையில இருக்கணும். போன்ல பேசுனவரு மரியாதையாத்தான் பேசுனாரு. ‘தம்பி, ஃபைனல் சமமா முடிஞ்சி பெனால்டிக்குப் போச்சி. கடைசி பெனால்டிய உங்க ஊருக்காரன் அடிக்கிறான். அவன் காலு பந்துல படுறதுக்கு முன்னாடியே நீங்க எடது பக்கம் பாஞ்சிட்டீங்க. அவன் வலது பக்கம் கொழந்தைக்கு உருட்டி வுடுற மாதிரி வுட்டான். கப்பு அவனோட கோயம்புத்தூர் டீமுக்குப் போயிடுச்சி. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினீங்களான்னு நாங்க கேப்போம், பதிலோட வாங்க’ன்னாரு.

— நீ இன்னா சொன்ன?

— இல்ல சார்னேன். வேற இன்னா சொல்றது? அந்தாளு சரி தம்பின்னு போன வச்சிட்டாரு.

— நம்பலைன்னா?

— ஆயுசுக்கும் தடை. ஆடுறது மட்டும் இல்ல, நம்ம ஸ்கூல் பசங்களுக்கு ஓரமா நின்னு விசில் ஊதக்கூட முடியாது. அது போவட்டும். வித்துட்டான்னு சொல்லுவாங்கடா. வளவன் மேட்ச வித்துட்டான்னு. அந்தப் பேர மட்டும் என்னால தாங்க முடியாது.

— டென்ஷன் ஆவாத மச்சி. நான் சொல்ற மாதிரி சொல்லிட்டு வா. கீப்பருன்னா யூகத்துலதான் பாய்வான், எல்லா ஊரு கீப்பரும் தப்பாப் பாயறாங்க, நானும் பாஞ்சேன். முடிஞ்சிது.

— தப்பாப் பாஞ்சத யாரும் கேக்கல. முன்னாடியே பாஞ்சத கேக்கறாங்க. நான் கடைசி வரைக்கும் நிக்கிற கீப்பருன்னு பேரு எடுத்தவன். கல்கத்தாவுல என்னை ‘சுவரு’ன்னுதான் கூப்புடுவாங்க. அப்படிப்பட்டவன் அன்னிக்கு மட்டும் ஏன் அவசரப்பட்டான்? நியாயமான கேள்விதான்.

— அதுக்கு பதில் நான் சொல்றேன் அண்ணா. அவரு சொல்ல மாட்டாரு.

— ஜெயா, வேணாம்.

— வேணும். நம்ம வூட்டுலயே சொல்ல முடியலன்னா அங்க போயி எப்படி சொல்லுவீங்க? அண்ணா, பொங்கலுக்கு முன்னாடியே இவருக்கு எடது தோளு கிழிஞ்சிடுச்சி. பிராக்டீஸ்ல போஸ்ட்டுல மோதுனாரு. கிளப்புல ஒருத்தருக்கும் தெரியாது. வெளிய ஒரு டாக்டருகிட்ட ஊசி போட்டுக்கினு சீசன் பூரா நின்னாரு. அந்தக் கை சட்டுனு மேல வராது. மத்தவங்களுக்கு முன்ன கெளம்பினாத்தான் பந்துக்குப் போய்ச் சேரும். அன்னிக்கு முன்னாடியே பாஞ்சது அதுக்குத்தான். அந்தப் பாய்ச்சல்ல மிச்சம் இருந்ததும் பிஞ்சி போயி, இப்ப ஆபரேஷனுக்கு நாள் பாத்துக்கினு இருக்கோம்.

— ஏண்டா மறைச்ச?

— நீ கோல் அடிக்கிறவன், உனக்குப் புரியாது. முன்னாடி ஆடுறதுக்கு நாலு பேருக்கு எடம் இருக்குது. கீப்பருக்கு ஒரே எடம். கல்கத்தாவுல நான் ரெண்டாவது கீப்பரா பெஞ்சத் தேச்சிக்கினு இருந்தேன் பாரு, அப்ப தெனம் மொத கீப்பருக்குப் பந்து தூக்கிப் போட்டு பழக்குறது நாந்தான். ஒரே தட்டுல சாப்புடுவோம். ஆனா மேட்ச் அன்னிக்கு அவருக்கு ஒரு ஜொரமாவது வரக் கூடாதான்னு சாமிய கும்புட்டிருக்கேன். அப்புறம் நெஜமாவே அவருக்குக் காலு ஒடஞ்சிது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கினு போனேன். ‘இங்க ஏண்டா வந்த, போயி கிளவுஸ எடுத்து மாட்டு’ன்னு சிரிச்சாரு. மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல எனக்கு. இப்ப எனக்குப் பின்னாடி எழிலன்னு ஒரு பையன் இருக்கான். நல்ல பையன். எந்தோளுன்னு வாயத் தொறந்திருந்தா மறுநாளே அவன் நின்னிருப்பான்.

— நிக்கட்டுமே. உனக்கு வயசு ஆவுதுல்ல?

— அதேதான் கிளப்பும் சொல்லுச்சி. இந்த வருஷத்தோட காண்ட்ராக்ட் முடியுது. ‘கப்ப வாங்கிக் குடு, இன்னும் ரெண்டு வருஷம் நீதான்’னு கோச்சு தன் வாயால சொன்னாரு. காதுகுத்துக்கு வந்தப்ப உங்கிட்டதான் மொதல்ல சொன்னேன். மறந்துட்டியா?

— மறக்கல.

— அந்த நெனப்புலதான் பல்லக் கடிச்சிக்கினு நின்னேன். சரி, அதெல்லாம் முடிஞ்சிது. தோள மறைச்சத சொல்லிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். திட்டட்டும், அபராதம் போடட்டும், இனிமே எந்தக் கிளப்பும் கூப்புடாம போவட்டும். ஏமாத்தி ஆடுனான்னு சொன்னாலும் ஒத்துக்கறேன், அது உண்மைதான். வித்தவன்னு மட்டும் சொல்லக் கூடாது.

— அப்ப தீந்துச்சி, வுடு. ஸ்கேன் எல்லாம் காட்டுனா நம்பிருவாங்க.

— பாதிதான் தீந்துச்சி. நான் ஏன் முன்னாடியே பாஞ்சேன்னு நான் சொல்லிருவேன். நீ ஏன் முள்ளுப் பக்கம் அடிச்சன்னு யாரு சொல்றது?

— இன்னும் அப்படியேதான் சொல்லுவியா நீ?

— இது இன்னா அண்ணா முள்ளுப் பக்கம்? தூக்கத்துல கூட இவரு ‘மலைப் பக்கம், மலைப் பக்கம்’னு ஒளறுவாரு. நான் கோட்டையத்தான் சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

— கோட்டையேதான் ஜெயஸ்ரீ. சின்ன வயசுல கோட்டைக்குக் கீழ, கொளத்தாண்ட இருக்கிற பொட்டல்லதான் ஆடுவோம். கோலுக்கு ரெண்டு கல்லு. அதுல நிக்கிறவனுக்கு எடது கைப் பக்கம் ராஜகிரி மல. வலது கைப் பக்கம் பூரா வேலிக்காத்தான் முள்ளு. பந்து அங்க போச்சின்னா புஸ்ஸு. பஞ்சர் ஒட்டிக்கினு வர்றதுக்குள்ள பொழுது போயிரும். அதனால எவனா இருந்தாலும் மலைப் பக்கந்தான் அடிக்கணும், முள்ளுப் பக்கம் அடிச்சவன் அன்னிக்கு ஆட்டத்துல கெடையாது. அது என் காலுல ஊறிப் போச்சி. எங்க போயி பெனால்டி அடிச்சாலும் எனக்குக் கீப்பரோட எடது கைப் பக்கந்தான்.

— நான் கோலுல நின்ன கதையையும் சேத்து சொல்லு.

— அத ஏண்டா இப்ப கெளறுற?

— அட, கேக்கட்டும். முள்ளுக்குள்ள போயி பந்து பொறுக்கணும்னு கோலுல நிக்க எவனும் ஒத்துக்கல ஜெயா. எங்க தெரு பசங்கள ஆட்டத்துல சேக்கவும் இவன் தெருக்காரங்களுக்கு மனசில்ல. இவன்தான் ஒத்தக் காலுல நின்னான், வளவன் வந்தாத்தான் நான் ஆடுவேன்னு. ‘சரி, வேணும்னா அவன் கோலுல நிக்கட்டும்’னு இவன் பெரியப்பா மவன் ஆனந்தராஜ் சொன்னான். நின்னேன். அப்படி ஆரம்பிச்ச பொழப்பு இது.

— அவன் இப்ப ஊரு பூரா, ‘வளவன கீப்பரு ஆக்குனதே நாந்தான்’னு சொல்லிக்கினு திரியறான்.

— சொல்லட்டும். பொய்யில்லையே. கேளு வெற்றி. உன் காலு மலைப் பக்கந்தான் அடிக்கும்னு உலகத்துலயே அதிகமா தெரிஞ்சவன் நான். கிழிஞ்ச தோளு அது, பாஞ்சா மொத்தமா போவும்னு தெரிஞ்சிதான் அந்தப் பக்கம் பாஞ்சேன். பந்தக் காணோம். திரும்பிப் பாத்தா முள்ளுப் பக்கம் மெதுவா உருண்டு உள்ள போவுது.

— நீ முன்னாடியே பாஞ்சத பாத்தேன். காலத் திருப்பி மாத்தி அடிச்சேன். அவ்ளோதான்.

— பாக்கல.

— பாத்தேண்டா.

— அந்த வீடியோவ வெரல் தேயத் தேய பாத்துட்டேன். நான் அசையறதுக்கு முன்னாடியே நீ எடது கால ஊனிட்ட. ஊனுன பாதம் முள்ளுப் பக்கம் பாத்துக்கினு இருக்குது. தலையக் குனிஞ்சிக்கினு பந்தத்தான் பாத்துக்கினு இருக்க. ஊனுன கால வச்சி கண்டுபுடிக்கிறதுதான்டா எங்க வேலையே. அன்னிக்கு மட்டும் அதப் பாக்காம, உன்னை நம்பிப் பாஞ்சிட்டேன். ஓடி வர்றப்பவே எங்க அடிக்கணும்னு முடிவு பண்ணிட்ட நீ.

— இந்த மல்லாட்டையில உப்பு கம்மியோ?

— பேச்ச மாத்தாத. நான் பாத்தத கமிட்டியும் பாத்திருக்கும். நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும். நாங்க எதுவும் பேசி வச்சிக்கல, நானா யோசிச்சி மாத்துனேன், காரணம் இதுதான்னு. உன் வாயால வந்தாத்தான் எம் பேரு நிக்கும்.

— அண்ணா, எங்களுக்காக ஒரு தடவ வாங்க. நீங்க ஜெயிச்சவரு, உங்கள யாரு சந்தேகப்படப் போறாங்க? இவரு ராத்திரி பூரா கண்ணத் தொறந்துக்கினு படுத்திருக்காரு. என்னால பாக்க முடியல.

— வரமாட்டேன்னு சொல்லலம்மா. வந்தா கேப்பாங்க.

— கேக்கட்டுமே. அதுக்குத்தான வரச் சொல்றோம்?

— வளவா, தோளு விஷயம் எனக்குத் தெரியும்.

— இப்பதான ஜெயா சொன்னா.

— அதுக்கு முன்னாடியே. காதுகுத்து அன்னிக்கு ஜெயஸ்ரீ அமலாகிட்ட சொல்லி அழுதிருக்குது. ராத்திரி அமலா எங்கிட்ட சொன்னா.

— ஜெயா?

— அக்காகிட்ட மட்டுந்தாங்க சொன்னேன். தெனம் தைலம் தேய்க்கிறப்ப நீங்க துண்டக் கடிச்சிக்கினு கெடப்பீங்க. யாருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்.

— சரி, அழாத. தப்பில்ல. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். வெற்றி, அப்ப ஃபைனல்ல எனக்கு எடது கை இல்லன்னு உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— உங்க கோச்சுகிட்ட சொன்னியா?

— செருப்பால அடிப்பேன். சொல்லுவனா?

— சொல்ல மாட்ட. எனக்கும் தெரியும். ஆனா கணக்கு ஒதைக்குதேடா. எடது தோளு போனவன் எதுர நிக்கிறான். நீ வாழ்நாள் பூரா அடிக்கிறதும் எடது பக்கம். கண்ண மூடிக்கினு அடிச்சாலும் கோலு. அத வுட்டுட்டு நல்லா இருக்கிற கைப் பக்கம், அதுவும் அவ்ளோ மெதுவா, எதுக்கு வுட்ட? சொல்லு. திங்கக்கிழமை உங்கிட்ட இதைத்தான் கேப்பாங்க.

— கேட்டா நான் இன்னாடா சொல்லுவேன்? கிழிஞ்ச தோள வச்சிக்கினு மலைப் பக்கம் எவனாவது பாய்வானா? நீ முள்ளுப் பக்கந்தான் வருவன்னு நெனச்சேன் வளவா, நீ புடிக்கட்டும்னுதான் உருட்டி வுட்டேன்.