அந்த ஒரு வரியின் கீழே

மேடையிலிருக்கும் துறைத்தலைவர் வரதராஜன் ஐயா அவர்களே, தானியேல் அண்ணனின் துணைவியார் லோயிஸ் அக்கா அவர்களே, ஆய்வக நண்பர்களே, வணக்கம். நான் துர்கா, அண்ணனிடம் ஆய்வு பழகிய மாணவி. தாளில் எழுதி வந்து படிப்பதற்கு மன்னியுங்கள். பார்க்காமல் பேசினால் பாதியில் நின்றுவிடுவேன்.

ஆய்வாளர் தானியேல் அண்ணன் காய்ச்சலில் நம்மை விட்டுப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. அவர் என்ன செய்தார்? வெறும் கண்ணாடித் தகட்டின் மேல் பாலிமர் என்கிற பலபடிச் சங்கிலிகளை, புல் முளைப்பதுபோல, ஒரே உயரத்தில் வளர்த்தார். நோயாளிக்கு வைக்கும் சிறுநீர்க் குழாயில் அப்படி வளர்த்தால் கிருமி ஒட்டாது என்று நம்பினார். தகடுகளில் வளர்ந்த படலத்தின் தடிமனை அளக்க ரயிலில் சென்னைக்குப் போய்வருவார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தகட்டுப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தவரை, "இன்னா சார், பால்குடமா?" என்று ஒருவர் கேட்டாராம். "ஆங், ஒடையற பால்குடங்க. மெதுவா இடிங்க" என்றாராம்.

இந்த வேலைக்குக் காற்று ஆகாது. குடுவைக்குள் கொஞ்சம் புகுந்தாலும் பழுப்பாக இருக்கும் செம்புக் கரைசல் பச்சையாகிவிடும், சங்கிலி வளராது. காற்றைத் தடுக்க நைட்ரஜன் பலூன் ஒன்று மாட்டியிருக்கும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொள்ள என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பலூன் சுருங்கியிருந்தது. கரைசல் பச்சை.

"துர்கா, பார்த்துகினுதானே இருந்த?"

"ஆங் அண்ணா."

அது பொய். நான் சாப்பிடப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெரிந்துதான் எழுதினாரா? இனி யாரிடம் கேட்பேன்?

போன வாரத் துறைக் கூட்டத்தில் அந்த வரி படிக்கப்பட்டது. அவருடைய அளவுகள் எல்லாமே சந்தேகம், துறையின் ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. நானும் அங்கே இருந்தேன். அன்றும் பேசவில்லை. லோயிஸ் அக்கா, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இந்தத் தாளையே பார்க்கிறேன்.

குளிர்பெட்டியில் அவர் வளர்த்த பதினொரு தகடுகள் இருக்கின்றன. அவற்றில் சங்கிலிகளின் முனைகள் இன்னும் சாகவில்லை. காற்றை நீக்கி, கரைசலை ஊற்றினால், அவர் விட்ட இடத்திலிருந்து வளரும். வளர்த்து, அவர் அளவுகள் சரியென்று காட்டுவேன். இந்த முறை குடுவையை விட்டு நகர மாட்டேன்.

ஐயா, குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நானும் அழிக்கச் சொல்லவில்லை. அந்த வரியின் கீழே, இன்றைய தேதியிட்டு, 'கவனக்குறைவு துர்காவுடையது' என்று எழுத அனுமதியுங்கள். சாட்சிக் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும். குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன்.