ஓசியின் தவளைகள்

விடுதியில் என்னைப் பிடிக்காதவர் என்று யாரும் கிடையாது, சார். விசாரித்துப் பாருங்கள். 'வள்ளல்' என்றுதான் கூப்பிடுவார்கள். வளாக நெட்வொர்க்கில் அவரவர் கணினியிலிருக்கும் படம், பாட்டு, பாடப் புத்தகம் எல்லாவற்றையும் மற்றவர்கள் இறக்கிக்கொள்ள வழி செய்து கொடுத்தது நான்தான். விதி ஒன்றே ஒன்று. எடுப்பவன் கொடுக்கவும் வேண்டும். ஒரு பெரிய ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடாதவனுக்கு உள்ளே இடமில்லை.

என் அறைத்தோழனுக்கும் கொடுப்பதற்கும் ஏழாம் பொருத்தம். சோப்பு முதல் சார்ஜர் வரை என்னுடையதில்தான் அவன் பிழைப்பு ஓடியது. 'ஓசி' என்று பெயர் வைத்ததே நான்தான். விதிக்கு அவன் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். ஒரே கல்யாணக் காமெடிப் படத்தைப் பல பெயர்களில் நகலெடுத்து ஃபோல்டரை நிரப்பிவிட்டான். போர்ப் படம் என்று இறக்கினாலும் அதுதான், கணிதப் பாடம் என்று இறக்கினாலும் அதுதான். விடுதியே வயிறு வலிக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே அள்ளிக் கொடுப்பவன் நான், எல்லோரும் தோளில் கைபோட்டுக்கொண்டது அவனோடு.

உருப்படியாக எதையாவது வை என்றேன். அவனிடம் தவளைகள்தான் இருந்தன. வளாகத்துக்குப் பின்னாலிருந்த குளத்தில், முழங்கால் சேற்றில் நின்று, ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அவன் வருடக்கணக்கில் பதிவு செய்த தவளைச் சத்தங்கள். அந்த ஃபோல்டரை அப்படியே திறந்துவிட்டான். அவசரக்குடுக்கை, எடுக்க மட்டும் அனுமதி கொடுக்காமல் அழிக்கவும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். கவனித்தேன். சொல்லவில்லை.

தவளையை யார் இறக்குவார்கள்? நான் இறக்கினேன். முழுவதையும் இறக்கிய பிறகு, அவன் பக்கம் இருந்ததை அழித்தேன். கொஞ்சம் தவிக்கட்டும், பிறகு கொடுப்போம் என்ற நினைப்புதான்.

வேறு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, என்னிடம் இரவல் வாங்கிய டிஸ்கில். அதை முந்தைய வாரமே திருப்பி வாங்கித் துடைத்திருந்தேன். என் பொருள்தானே, சார். மறுபடி பதிவு செய்யக் குளமும் இல்லை. மண்ணடித்து மூடிக் கட்டட வேலை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. யாராவது இறக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, அறை அறையாக அவனோடு நான்தான் அலைந்தேன். சாப்பாடு வாங்கி வந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளையும் நானே ஓட்டினேன். அதற்கு முன்னால், அவன் குளிக்கப் போன நேரத்தில், கணினியில் காலியாகக் கிடந்த இடம் முழுக்க அந்தக் கல்யாணக் காமெடியைக் கொட்டி நிரப்பியிருந்தேன். பழையதன் மேல் புதியது ஏறிவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பட்டம் இல்லாமலே கிளம்பினான். அழைத்துப்போக வந்த அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இவன் கூடவே இருந்தியேப்பா, நல்லா இருப்பே" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, சார்.

நேருக்கு நேர் கேட்டபோதாவது கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கேட்டான்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள், மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"டேய் வள்ளல், தப்பா நெனச்சுக்காதே. நீ எதையும் இறக்கி வெக்கிறவன். அது உன்கிட்ட இருக்கா? இருக்குன்னு மட்டும் சொல்லு, உன் கால்லயே விழுறேன்."

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், கூடப் பழகிய நண்பன் காலில் விழுவதை மனசுள்ள எவன் பார்த்துக்கொண்டு நிற்பான்? அதனால்தான் இல்லை என்றேன்.