மலையடிக் கிணற்றில் மூன்று இழுப்பு

விளக்கைத் தணிக்காதீர்கள். இந்தக் கதையில் விளக்குதான் பயம்.

என் சகலையின் அண்ணன் யாஸ்குலிக்கு நடந்தது. பட்டப்பகல் ஒரு மணி. கோபெத் மலையடிவாரச் சரளைப் பாதையில் ஒரு கிணறு, அதன் அடியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கம்... அவரும் மைத்துனன் மெரெதும் மட்டும்.

அங்கே மேலே சரளை, அடியில் களிமண். இரண்டும் சேரும் இடத்தில்தான் மலைத்தண்ணீர் ஓடும். சுரங்கம் இடிவதும் அங்கேதான். பத்து நாள் முன்பு இடிந்தது. அவர் தம்பி துர்தி உள்ளே. கயிறு மூன்று முறை அசைந்தது... 'தூக்கு' என்று அர்த்தம். மேலே நின்ற யாஸ்குலி தூக்கினார். வெறும் கயிறு வந்தது.

அதோடு ஊருக்குத் தண்ணீர் நின்றது. ஆடுகள் செத்தன. கைக்குழந்தைக்காரியான அவர் மனைவிக்குப் பால் வற்றிப்போனது. இடிபாட்டைச் சுற்றிப் புதுவழி வெட்டியே ஆக வேண்டும்.

வெட்டுபவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு விளக்கு. திரும்பினால் இரண்டு சுடரும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் வழி நேர். பக்கத்து விளக்கை யாஸ்குலி வைத்துக்கொண்டார். அவரை இறக்கிவிட்டு, தானும் இறங்கிக் கிணற்றின் அடியில் தூரத்து விளக்கைப் பிடிப்பது மெரெதின் வேலை.

வெட்டினார். திரும்பினார். சுடர் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது.

"விளக்கை ஏன்டா நகத்துறே?"

பின்னால் பார்த்துக் கத்திவிட்டு, விளக்குப்படியே வெட்டினார். மறுபடி நகர்ந்தது... மறுபடி. வழி இடிபாட்டுப் பக்கம் வளைந்தது. துர்தி போடும் ஆட்டுத்தோல் தொப்பி நனைந்த வாசம். கடப்பாரை 'சொத்' என்று இறங்கியது. தண்ணீர் பீறிட்டது. பக்கத்து விளக்கு அணைந்தது. தூரத்து விளக்கு அணையவில்லை. அதைப் பார்த்தே தவழ்ந்து வந்தார். கிணற்றின் அடிக்கு வந்தபோது அங்கே விளக்கு இல்லை.

மெரெத் மேலே தூக்கினான்.

"தண்ணி வந்திருச்சுடா. கீழ விளக்கைப் பிடிச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடினே?"

"திட்டாதீங்க அத்தான். பயந்துட்டேன். நான் இறங்கவேயில்ல." அவன் காலடியில் விளக்கு. எண்ணெய் படாத புதுத் திரி.

யாஸ்குலி உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்க்க மெரெத் வாளியை இறக்கினான். கயிறு மூன்று முறை அசைந்தது.

"அத்தான்... வேண்டாம். ஊருக்குப் போயிரலாம்."

யாஸ்குலி அவனைத் தள்ளிவிட்டு ராட்டினத்தைச் சுற்றினார். வாளியில் ஒரு விளக்கு. விளிம்பு நசுங்கியது... துர்தியுடையது. தொட்டால் சுட்டது. திரி அணைத்த புகை.

விளக்கை எடுத்து வைத்துவிட்டு, வாளியைத் திரும்ப இறக்கினார்.

கயிறு மூன்று முறை அசைந்தது.

சுற்றினார். இந்தத் தடவை ஆள் கனம் இருந்தது.