பெல்லாந்தியைத் தாண்டுவது

— மூக்கு நுனியே தெரியாத பனி. இதுல கறுப்புக் கண்ணாடி வேறயா, அண்ணே?

— கண்ணு வலி.

— தொப்பி?

— தலைவலி. ஆட்டத்தைப் பாரேன் தம்பி.

— இல்ல... வேலையில்லாத கால்பந்துப் பயிற்சியாளர் ஒருத்தர் இப்படி மூடிக்கிட்டு மைதானத்துல வந்து உட்கார்ந்தா, இத்தாலி முழுக்க ஒரே அர்த்தம்தான். மறுநாள் பேப்பர்ல, இருக்கற ஆளைத் தூக்கிட்டாங்கன்னு வரும்.

— நான் உதினே ஊர்க்காரன். நாற்காலி வியாபாரம்.

— அப்ப நாற்காலிமேல கண்ணு இருக்கறது சகஜம்தான்.

— என்ன தம்பி அர்த்தம்?

— சும்மா சொன்னேன். இந்தாங்க, பூசணி விதை. அதோ, நமக்கு நேர் முன்னாடி கோட்டோரமா கை கட்டி நிக்கிறாரே, அவர்தான் எங்க மிஸ்டர், அதான் பயிற்சியாளர். பெல்லாந்தி.

— தெரியும். அதாவது... கேள்விப்பட்டிருக்கேன். இப்ப தோத்துக்கிட்டே இருக்கார் போல.

— தோக்கறார். ஆனா இன்னிக்குப் பாருங்க. நம்ம ஆள் ஒருத்தன் சிவப்பு அட்டை வாங்கிட்டுக் குளிக்கப் போயாச்சு. மிச்சம் பத்துப் பேர். இன்னும் கோல் விழலை. இப்ப கவனிங்க... உள்ளங்கையை லேசாத் திருப்பினார்...

— அட!

— தடுக்கற நாலு பேரும் ஒரே போர்வையை இழுத்த மாதிரி...

— நகர்ந்துட்டாங்க! இந்தப் பனியில அவர் கை அவங்களுக்குத் தெரியுதா?

— தெரியாது. அதான் எனக்குப் புல்லரிக்குது. பந்தே இல்லாமத்தான் பயிற்சி குடுப்பார். பந்து இருக்கறதா நினைச்சுக்கிட்டு ஓடணும். ஒருநாள் அந்த இல்லாத பந்துலயும் ஒரு கோல் விட்டுட்டாங்க. மனுஷன் அன்னிக்குச் சாப்பிடவே இல்லை.

— ஆடின காலத்துலயும் அப்படித்தான்...

— பார்த்திருக்கீங்களா?

— டிவியில.

— அப்ப மொராசுத்தி ஞாபகம் இருக்குமே? கோல் அடிக்கறதுல பெரிய கொம்பன். அவன் லேஸ் கட்டக் கோட்டைத் தாண்டினா, பெல்லாந்தியும் பக்கத்துல போய் நிப்பார். அவன் தண்ணி குடிச்சா இவரும் குடிப்பார். இடைவேளையில கக்கூஸ் வாசல் வரைக்கும்...

— வாசலுக்கெல்லாம் வரலை. அது புரளி.

— பெல்லாந்தி இருந்த ஆட்டத்துல ஒரு கோல்கூட அடிச்சதில்லையே, பாவம்.

— அவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல்.

— எல்லா வருஷமுமா?

— ... காதுக்குப் பின்னாடி மூச்சு கேட்கும், தம்பி. திரும்பினா ஆள் இருக்க மாட்டார். நாம போகலாம்னு நினைக்கிற இடத்துல முன்னாடியே போய் நிப்பார். ஒரு தடவைகூடக் காலை மிதிச்சதில்லை. கோபமே வராது... பெரிய தேவாலயத்துக்குள்ள தனியா நிக்கிற மாதிரி இருக்கும்.

— டிவியில மூச்சுகூடக் கேட்குமா, அண்ணே?

— நீ ஆட்டத்தைப் பாரு.

— விசில்! முடிஞ்சது. கோல் இல்லை!

— பத்துப் பேரை வெச்சுக்கிட்டு... இப்படி ஒரு தடுப்பை நான் பார்த்ததே இல்லை. இனிமேலாவது உங்க கிளப் தலைவர் மனசு மாறுவாரா?

— மாற மாட்டார். பின்வாசல்ல கார் நிக்குது. நான் அவர் டிரைவர். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார். புதுப் பயிற்சியாளரா நீங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதும் பெல்லாந்தி வீட்டுக்குப் போயிடுவார்.

— போடலைன்னா?

— வேற எவரும் இந்த ஊருக்கு வர ஒத்துக்கலை. அவரே இருப்பார்.

— அப்ப வந்ததுமே என்னைக் கார்ல ஏத்த வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு நேரம் உட்கார வெச்சு மானத்தை வாங்கினே?

— சொன்ன வேலையைத்தான் செய்யறேன். கொஞ்சம் மெதுவாச் செய்யறேன், அவ்வளவுதான்.

— வண்டியை எடு. ரயில் நிலையத்துக்கு விடு. தலைவர்கிட்டப் போய்ச் சொல்லு... ஆடின காலமெல்லாம் பெல்லாந்தியைத் தாண்ட முடியாத மொராசுத்தி, அவர் முதுகு காட்டி நிக்கிற நேரமாப் பார்த்துத் தாண்ட மாட்டான்னு.