டீட்ஸ் அவுட்

ஒரே ஒரு ஆளுக்கு அளவாகக் காபி போட எனக்கு இன்னும் கைவரவில்லை. எப்படிப் போட்டாலும் மிஞ்சுகிறது. நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று, ஷெரீப். உட்காருங்கள்.

என் மருமகன் கென்ட்டைப் பற்றித்தான் மறுபடியும் கேட்க வந்திருக்கிறீர்கள். சாஃப்ட்பாலிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

ஊர் ஆடுகளத்தின் வாசல் பலகையில் டீட்ஸ் என்று இருப்பது என் தந்தையின் பெயர். அவர் நடுவராக நின்ற இடத்தில் அவருக்குப் பின் நான் நின்றேன். உயரே அடித்த பந்தைப் பிடிக்கிறபோது, பேஸில் கால் ஊன்றி நிற்கும் ஓட்டக்காரன் எப்போது அடுத்த பேஸுக்கு ஓடலாம்? பந்து கையுறைக்குள் முழுதாக அடங்கிய பிறகு. அதுவரை கால் அசையக்கூடாது. என் தந்தை சொன்ன விதி அது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

போன கோடையில் எங்கள் லூத்தரன் சபைக்கும் கத்தோலிக்கருக்கும் ஆட்டம். மூன்றாம் பேஸில் கென்ட் நின்றான். பந்து எதிராளியின் கையுறையில் பட்டு எகிறி, மார்பில் மோதி, பிறகுதான் பிடிபட்டது. முதலில் பட்டபோதே கென்ட் கிளம்பி ஓடி வந்து ஓட்டத்தை முடித்துவிட்டான். எதிரணி முறையிட்டது. அவுட் கொடுத்தேன். அந்த ஒரு ஓட்டத்தில் எங்கள் அணி தோற்றது.

"மாமா, பந்து கையில பட்டதுமே கிளம்பலாம். பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்றான். வண்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்து வேலியோரம் எல்லோருக்கும் கேட்கப் படித்தான். "இல்லாட்டி பிடிக்கிறவன் பந்தைக் கைக்குக் கை தட்டிக்கிட்டே உள்ள நடந்து வந்துருவான். நாம பேஸ்ல நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிரணித் தலைவரும், "பெரியவரே, பையன் சொல்றது சரிதான். அதுக்காக ஜெயிச்சதைத் திருப்பித் தர மாட்டோம்" என்றார்.

"விடுங்க மாமா. உங்கப்பா காலத்துலேர்ந்து எத்தனை பேரை இப்படி வீட்டுக்கு அனுப்பினீங்களோ" என்று கென்ட் என் தோளைத் தட்டினான். அவன் கெட்டவன் அல்ல.

அதன் பிறகு, தப்பாகப் போன எதற்கும் ஊரில் ஒரு சொல் பிறந்தது. உணவகத்தில் ஒருவருக்கு ஆப்பிள் பைக்குப் பதிலாகச் செர்ரி பை வந்தால், "எனக்கு டீட்ஸ் அவுட் குடுத்துட்டாங்கப்பா" என்பார். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்; பரவாயில்லை. என் மகள், கென்ட்டின் மனைவி மர்லாவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தாள். அவள் பிறந்த வீட்டுப் பெயரும் அதுதான்.

உணவகத்துக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு தேவாலயத்துக்கும். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கென்ட் மட்டும் சனிக்கிழமைதோறும் வருவான். தானியக் குதிர்களைப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா, மர்லா மாட்டிறைச்சி வறுத்திருக்கா" என்று கூப்பிடுவான். நான் போனதில்லை.

அன்றும் வந்தான். குதிரில் மக்காச்சோளம் ஈரத்தில் கட்டிபட்டு, அடியிலிருந்து இறங்காமல் நின்றுவிட்டது. அடியில் சோளத்தை வெளியே இழுக்கும் இயந்திரம் ஓடும்போதே, கட்டியை உடைக்க உள்ளே இறங்கினான். எல்லோரும் செய்கிற தப்புதான்.

"சுவிட்ச் பக்கத்துலயே நில்லுங்க மாமா. கத்தினா நிறுத்திடுங்க."

நின்றேன்.

"மாமா, நிறுத்துங்க. முழங்கால் வரைக்கும் இழுத்துருச்சு."

இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று முன்பு உங்களிடம் சொன்னேன். அது உண்மையல்ல. இரும்புக் குதிரில் குரல் மணிபோல ஒலிக்கும்.

"இடுப்பு வந்துருச்சு, மாமா."

பிறகு முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு மர்லாவை. பிறகு சோளம் சரிகிற சத்தம் மட்டும்.

சோளம் அவனைத் தொட்டதுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்பீர்கள். தொட்டதும் என்பது அவனுடைய விதி. என் கை கடைசிவரை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவன் முழுதாக அடங்கும்வரை அதை அசைக்கவில்லை. அடங்கிய பிறகு நிறுத்தினேன்.

மர்லா இப்போது இங்கே வருவதில்லை. அவளைப் பார்த்தால், அவள் அப்பா விதியை மீறவில்லை என்று சொல்லுங்கள்.