ஆளுங்க எல்லாரும் ஏறியாச்சு

அவைக்குத் தலைமை தாங்கும் எர்மெலிந்தா அம்மையாரே, கோயில் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட பாதிரியாரே, திராட்சைத் தோட்டத்து வெயிலில் தோல் கறுத்த பெரியோரே, விடியுமுன் சோள ரொட்டி சுட்டுப் பொட்டலம் கட்டும் தாய்மாரே, மடேரா வட்டாரத்துத் தோழர்களே, முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்திருக்கும் எங்கள் மேஸ்திரி ஃபிலமோன் மாமாவே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆட்கள்! கொடிக்கு ஆட்கள், கூடைக்கு ஆட்கள், காயப்போட ஆட்கள், காய்ந்ததைப் புரட்ட ஆட்கள். நல்ல சொல்தான். கூலி உயர்வு கேட்டு நின்றபோது அதுதான் நமக்குப் பலம். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தாகம் எடுக்குமா? தலை சுற்றுமா? அது காணாமல் போனால் யாராவது தேடுவார்களா?

போன வெள்ளிக்கிழமை வெயில் தாங்காமல் மதியமே வேலையை நிறுத்தினார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி வேனின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, ஆட்கள் எல்லாரும் ஏறியாச்சா என்பார். உள்ளேயிருந்து ஒரே குரலில், ஏறியாச்சு என்று பதில் வரும். அன்றும் தட்டினார், கேட்டார், பதில் வந்தது, வேன் கிளம்பியது. என் அக்கா நெரெய்தா மட்டும் கொடிக்கு அடியில், உலர்திராட்சைக்காகப் பழத்தைப் பரப்பிக் காயவைத்த காகிதங்களுக்கு நடுவே, மயங்கிச் சுருண்டு கிடந்தாள்.

நான் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறவள். வேன் அங்கே வந்து நின்றதும் தண்ணீரோடு ஓடினேன். அக்கா எங்கே என்றேன். பின்னால் தூங்குகிறாள் என்றார்கள் முன்னே இருந்தவர்கள். முன்னால் இருக்கிறாள் என்றார்கள் பின்னே இருந்தவர்கள்.

"ஏம்மா பதறுற? ஆளுங்க எல்லாரும் வந்தாச்சே," என்றார் மாமா.

"ஆளுங்க வந்தாச்சு மாமா. எங்க அக்கா வரலையே."

அங்கே சிரிக்காதீர்கள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பிப் போய்த் தூக்கி வந்தோம். பிழைத்துவிட்டாள். ஆனால் இன்னும் வேலைக்குப் போகத் தெம்பு வரவில்லை.

இனிமேல் தலையை எண்ணுகிறேன் என்கிறார் மாமா. அன்று எண்ணியிருந்தாலும் கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கும்! ஓட்டுநரின் மச்சான் சந்தைக்குப் போக அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கைக்கு என் அக்காவும் ஒன்று, ஓசியில் வந்த மச்சானும் ஒன்று!

பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் ஏது என்கிறார். நேரமா இல்லை? பழத்தோடு ஓர் இலை வந்தால் கூடையையே கொட்டிப் பார்க்க நேரம் இருக்கிறது. கொடி வெட்டும் கத்தி ஒன்று குறைந்தால் வேனை நிறுத்திவிட்டு வரப்பெல்லாம் தேட நேரம் இருக்கிறது. கத்திக்கு உள்ள நேரம் கத்தியைப் பிடித்தவளுக்கு இல்லையா?

என்ன, அங்கே பின்னால்? எல்லாம் மேஸ்திரி தப்பு என்கிறீர்களா? கேள்வியைத்தான் அவர் கேட்டார். பதில் சொன்னது யார், ஐயா? பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது யார்?

நாளை விடியற்காலை அக்காவின் இடத்தில் நான் அந்த வேனில் ஏறப்போகிறேன். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவரவர் வாயால் பதில் வரும்வரை வேன் நகரக் கூடாது. சம்மதமா?

வேண்டாம், வேண்டாம், ஒன்றாகக் கத்தாதீர்கள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒருத்தியை வெயிலில் விட்டுவிட்டு வந்தோம். சம்மதிக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பொழுது போனால் போகட்டும்.

மாமா எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் மாமா, கேட்டவள் நான்தானே, நானே தொடங்குகிறேன். என் பெயர் ஓடிலியா.

உங்கள் ஒவ்வொருவருக்கும், தனித்தனியே, நன்றி. வணக்கம்.