தொய்ந்து கிடந்த கயிறு

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுவினரே, அச்சகத் தோழர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும், மறைந்த ஐயாவின் துணைவியாராகிய அம்மா அவர்களே, வணக்கம்.

நம் ஆங்கிலம்–தமிழ் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் நாம் 'கறார்' என்று அழைத்த மனிதர்! துணையாசிரியனான நான் இனி யாருக்குப் பயப்படுவேன்?

கண்ணால் காணாததற்குப் பொருள் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். குறட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்காக, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கும் நம் பிழைதிருத்துநர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாரே, மறக்க முடியுமா? "சத்தம் போடாதீங்கப்பா, வேலை நடக்குது" என்று நம்மைத்தானே அதட்டினார்!

போன வாரம் 'ஸ்லாக்' என்ற சொல் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது முதலில் மனிதரைத்தான் குறித்தது: மந்தமானவர், கவனமில்லாதவர், கடமையில் அசட்டையானவர். லத்தீனில் தளர்வைச் சொல்லும் சொல் அதற்குத் தூரத்து உறவு. கயிற்றின் தொய்வுக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடு. இவ்வளவும் எழுதியாயிற்று. தொய்வு மட்டும் பாக்கி.

"ஆளைத் திட்டற வார்த்தை கயித்துக்கு எப்படிப் போச்சு? தொய்வுங்கறது குறையா, தேவையா? பாத்துட்டு வந்துடறேன்" என்று, கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றைப் பார்க்கத் துறைமுகத்துக்குக் கிளம்பினார்.

"தேவைதான் ஐயா. தண்ணி ஏறி இறங்கும். விறைப்பா கட்டினா கயிறு அறுந்துடும்" என்றாராம் அங்கிருந்த மேஸ்திரி. கேட்டதோடு திரும்பியிருக்கக் கூடாதா? தொட்டுப் பார்க்க, ஆபத்து எல்லையாகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டினார். "ஐயா, அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று மேஸ்திரி கத்தியிருக்கிறார். கப்பல் அசைந்தது. தரையில் துவண்டு கிடந்த கயிறு கண்மூடித் திறப்பதற்குள் விறைத்து எழுந்து அவரை அடித்தது. அவ்வளவுதான். பாழாய்ப்போன அந்தக் கயிற்றை நான் என்னவென்று சபிப்பேன்?

சொல்லின் அந்தப் பொருளை எழுதாமல் விட்டுவிடலாம், இனி யாரும் வெளியே போக வேண்டாம், புத்தகம் பார்த்து எழுதினால் போதும் என்கிறது நிர்வாகக் குழு. அக்கறையில்தான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். நேற்று ஐயாவின் வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டார்.

"அந்த வார்த்தை முடிஞ்சுதா?"

"இல்லம்மா. அதை விட்டுடலாம்னு..."

"விட்டுட்டா, அவர் எதுக்குச் செத்தார்?"

துறைமுகத்துக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார்.

அம்மா, விட மாட்டோம். நாளைக் காலை நீங்கள் சொன்னபடியே உங்களையும் அழைத்துக்கொண்டு துறைமுகம் போகிறோம். தொய்வைப் பார்ப்போம். அது எந்த நொடியும் விறைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுவோம். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி எழுதுவோம்.